விசிறி நகரம் கார்ல்ஸ்ரூஹே

ஜேர்மனிக்கு வந்த நம்மவர் பலருக்குக் கார்ல்ஸ்ரூஹே என்பது முதலில் ஒரு முகவரியாகவே அறிமுகமாயிற்று. பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலத்தில் புகலிடம் கேட்போரை முதலில் ஏற்கும் நிலையம் பல ஆண்டுகளாக அந்நகரின் டூர்லாகர் அல்லே வீதியில் இருந்து வருகிறது. அங்கே சில நாட்கள் தங்கிப் படம் பிடித்து, கைரேகை பதிந்து, வேறோர் ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் அந்த நகரைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. பின்னர் வழக்கு என்று வந்தபோது அதே பெயர் மறுபடியும் காதில் விழுந்தது. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றங்கள் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. ஆகையால் ஜேர்மனியருள்ளும் கீழ்நீதிமன்றத்தில் தோற்றவர் "கார்ல்ஸ்ரூஹேக்குப் போவேன்" என்று சொல்வது வழக்கமாயிற்று. தலைநகரமாகப் பிறந்து, தலைநகரப் பதவியை இழந்து, நீதி நகரமாக மாறிய இந்த ஊரின் கதை அறியத்தக்கதே.

ஐரோப்பிய நகரங்களுள் கார்ல்ஸ்ரூஹே மிகவும் இளையது. அதற்குத் தாயாக விளங்கிய டூர்லாக் பழைய ஊர். பாடன்-டூர்லாக் சிற்றரசர்கள் 1565இல் தங்கள் தலைமை இடத்தை அங்கே மாற்றினர். 1689ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைகள் அவ்வூரைத் தீக்கிரையாக்கின. பிறகு ஆட்சிக்கு வந்த கார்ல் வில்ஹெல்ம் என்னும் அரசன் பழைய ஊரைத் திருத்தி அமைக்கும் முயற்சியில் சலித்துப் போய், மேற்கே இருந்த ஹார்ட் காட்டின் நடுவில் ஒரு புது மாளிகை கட்டத் துணிந்தான். 1715ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் திகதி மாளிகைக் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வேட்டைக்குப் போன அரசன் களைத்து ஒரு மரத்தடியில் உறங்கினான் என்றும், கதிர் வீசும் சூரியனைப் போன்ற நகரொன்றைக் கனவிற் கண்டான் என்றும் ஊரார் கதை சொல்வர். கார்ல்ஸ்ரூஹே என்றால் கார்லின் ஓய்வு என்பது பொருள். அவன் மனைவி மட்டும் புது மாளிகைக்கு வராமல் தன் இறுதிக் காலம் வரை டூர்லாக்கிலேயே தங்கிவிட்டாள். அரசன் தேடிய ஓய்வு எதிலிருந்து என்று ஊரில் கேலி பேசியிருந்தால் அதில் வியப்பில்லை.

கனவு கதையாயிருந்தாலும் வரைபடம் மெய். கோபுரத்தை மையமாக வைத்து முப்பத்திரண்டு நேர்கோடுகள் நாற்புறமும் செல்கின்றன. அவற்றுள் தெற்கே செல்லும் ஒன்பதும் நகரின் வீதிகள். மற்றவை பூங்காவுக்கும் காட்டுக்கும் போகும் பாதைகள். பனையோலை விசிறியை விரித்து, காம்பு இருக்கும் இடத்தில் மாளிகையை வைத்தாற் போன்ற தோற்றம். கிழக்கு மேற்காக விசிறியின் விளிம்பில் ஓடுவதே இன்றைய கைசர் வீதி. கோபுரத்தில் நின்றால் எந்த வீதியில் யார் வருகிறார் என்று பார்க்கலாம். எந்த வீதியில் நிற்பவரும் நிமிர்ந்தால் அரசனின் கோபுரத்தைப் பார்க்கலாம். அந்தக் கால அரசாட்சியின் எண்ணத்தை இதைவிடத் தெளிவாக மண்ணில் எழுத முடியாது. 1788இல் இந்நகரைப் பார்த்துச் சென்ற தோமஸ் ஜெபர்சன், அமெரிக்காவின் வாஷிங்டன் நகரைத் திட்டமிட்டவருக்கு அனுப்பிய வரைபடங்களுள் கார்ல்ஸ்ரூஹேயினதும் ஒன்று.

காட்டின் நடுவில் ஊரைக் கட்டினால் குடியிருக்க ஆட்கள் வேண்டும். அடிக்கல் நாட்டிய அதே ஆண்டில் அரசன் ஓர் உரிமைப் பத்திரம் வெளியிட்டான். வருவோருக்கு வீட்டு நிலம் இலவசம், கட்டுவதற்கு மரம் இலவசம், சில ஆண்டுகளுக்கு வரி இல்லை. எந்த மதத்தவராயினும் வரலாம் என்பது அதன் சாரம். லுத்தரன், சீர்திருத்த சபையார், கத்தோலிக்கர், யூதர் எனப் பலரும் வந்து குடியேறினர். சமயத்தின் பேரால் ஊர்கள் எரிந்த ஒரு நூற்றாண்டுக்குப் பின் இது சிறிய காரியமன்று. ஆனால் அதில் ஒரு பிசகும் இருந்தது. மாளிகையையும் வீடுகளையும் கட்ட வந்த கூலியாட்கள் அந்தப் பத்திரத்தின் உரிமைக்குள் அடங்கவில்லை. விசிறிக்கு வெளியே கிழக்குப் புறத்தில் அவர்கள் குடிசை போட்டுக் கொண்டனர். சின்னக் கார்ல்ஸ்ரூஹே என்று அதற்குப் பெயர். ஊரைக் கட்டியவர்கள் ஊரின் குடிமக்களாக நூறாண்டு காத்திருக்க நேர்ந்தது; 1812இலேதான் அப்பகுதி நகருடன் சேர்க்கப்பட்டது. 'டோர்ப்லே', அதாவது சின்னக் கிராமம், என்று இன்றும் அப்பகுதியை அழைப்பர். 1960களிலும் 70களிலும் நடந்த பெரும் புனரமைப்பில் பழைய வீடுகளிற் பெரும்பகுதி இடிக்கப்பட்டது.

கார்ல் வில்ஹெல்முக்குப் பூக்களில், அதிலும் துலிப் பூவில், தீராத பித்து. மாளிகைத் தோட்டத்தில் ஏறத்தாழ 5,000 வகைத் துலிப் இருந்தனவாம். அவன் 1738இல் இறந்தபோது சந்தைச் சதுக்கத்தில் அன்றிருந்த தேவாலயத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டான். 1807இல் அத்தேவாலயம் இடிக்கப்பட்டது. கல்லறை மட்டும் வெயிலில் நின்றது. அதை மூட முதலில் மரத்தாலும் பின்னர் செம்மணற்கல்லாலும் ஒரு பிரமிட் எழுப்பினர். 1825இல் முடிந்த அந்தக் கற்பிரமிடே இன்று நகரின் சின்னம். ட்ராம் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு நடுவே, நகரைத் தோற்றுவித்தவன் அதன் கீழ்த்தான் உறங்குகிறான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

பேரன் கார்ல் பிரெடரிக் நீண்ட காலம் ஆண்டான். மர மாளிகையைக் கல்லாக மாற்றினான். 1767இல் சித்திரவதையையும் 1783இல் பண்ணையடிமை முறையையும் ஒழித்தான். நெப்போலியனுடன் உறவு பூண்டதன் பயனாக 1806இல் பாடன் ஒரு பெருங்கோமகநாடாயிற்று. சிறு நாட்டின் தலைநகர் திடீரெனப் பெரிய நாட்டின் தலைநகராகிவிட்டது. அதற்கேற்ற கட்டிடங்களை அமைத்தவர் இவ்வூர்த் தச்சனின் மகனான பிரெடரிக் வைன்பிரென்னர். உரோமாபுரியில் பழைய இடிபாடுகளைக் கண்டு கற்றவர். நகரசபை மண்டபம், அதற்கெதிரே நகரத் தேவாலயம், உரோம பந்தியனைப் போன்ற வட்டக் கூரையுடைய புனித ஸ்டெபான் தேவாலயம் எல்லாம் அவர் கைவண்ணமே.

வைன்பிரென்னர் நகரைத் திருத்தினார் என்றால், துல்லா என்ற பொறியியலாளர் றைன் நதியையே திருத்தினார். அவரும் கார்ல்ஸ்ரூஹேயிற் பிறந்தவர். அக்காலத்தில் மேல்றைன் பல கிளைகளாகப் பிரிந்து, ஆண்டுக்கொரு பாதை மாற்றி, கிராமங்களை விழுங்கிக் கொண்டிருந்தது. சதுப்பு நிலங்களில் மலேரியாக் காய்ச்சல். நம் வன்னி மக்கள் அறிந்த அதே காய்ச்சல் ஜேர்மனியிலும் இருந்தது என்றால் இளையவர்கள் நம்பமாட்டார்கள். 1817இல் வளைவுகளை வெட்டி நதியை நேராக்கும் வேலை தொடங்கிற்று. நிலம் போய்விடும் என்று அஞ்சிய க்னீலிங்கன் விவசாயிகள் எதிர்த்ததால் இராணுவக் காவலுடன் வெட்ட நேர்ந்தது. 1828இல் துல்லா பாரிசில் இறந்தார்; வேலை 1876 வரை நீடித்தது. பாசலுக்கும் வோர்ம்சுக்கும் இடையே 354 கிலோமீற்றராயிருந்த நதி 273 கிலோமீற்றராகச் சுருங்கியது. காய்ச்சல் குறைந்தது, கப்பல்கள் வந்தன. விரைந்தோடும் நீர் ஆற்றின் அடியை அரித்ததும், வெள்ளம் கீழூர்களுக்குப் போய்ச் சேர்ந்ததும், மீனவர்களும் ஆற்று மணலில் பொன் அரித்தவர்களும் தொழிலிழந்ததும் கணக்கின் மறுபக்கம்.

அதே 1817இல் இவ்வூரிற் பிறந்த இன்னொருவர் மன்ஹைம் வீதியில் இரண்டு சில்லுகளில் ஏறிக் காலால் மண்ணை உதைத்து ஓடினார். மிதி இல்லாத முதல் சைக்கிள் அது. கார்ல் டிரைஸ் பிரபுக் குடும்பத்தவர். 1849 புரட்சியில் பட்டத்தைத் துறந்து குடிமக்கள் பக்கம் நின்றார். புரட்சி தோற்றதும் அவருடைய ஓய்வூதியத்தில் கைவைத்தார்கள். 1851இல் வறுமையில் மாண்டார். யாழ்ப்பாணத்தில் சைக்கிளின்றி ஒரு குடும்பமும் இராது. அதன் மூதாதையின் கல்லறை கார்ல்ஸ்ரூஹே பிரதான மயானத்தில் இருக்கிறது. மோட்டார் காரைத் தந்த கார்ல் பென்ஸ் பிறந்ததும் இங்கேதான்; 1844இல், இப்போது நகரின் பகுதியாயுள்ள மியூல்புர்க்கில்.

பென்ஸ் படித்த தொழில்நுட்பக் கல்லூரி 1825இல் நிறுவப்பட்டது. 1886க்கும் 1888க்கும் இடையில் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளைக் கண்டறிந்தது அதன் சோதனைக் கூடத்தில். காற்றிலிருந்து அமோனியாவைச் செய்யும் வழியை ஹாபர் 1909இல் காட்டியதும் அங்கேயே. உலகின் வயல்களுக்கு உரமும், உலகப் போர்களுக்கு வெடிமருந்தும் அதிலிருந்து வந்தன. 1984 ஓகஸ்ட் 3ஆம் திகதி அமெரிக்காவிலிருந்து ஜேர்மனிக்கு முதல் இணைய மின்னஞ்சல் வந்து சேர்ந்ததும் இங்கே. 2009இல் இப்பல்கலைக்கழகம் அணு ஆராய்ச்சியில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்துடன் இணைந்து கே.ஐ.ரி. என்ற பெயர் பெற்றது. பெண் பிள்ளைகளைப் பெற்றோருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. பெண்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதியாக்கும் ஜேர்மனியின் முதல் ஜிம்னாசியம் 1893இல் தொடங்கப்பட்டது கார்ல்ஸ்ரூஹேயில்.

அரசியலிலும் பாடன் முந்திக்கொண்டது. 1818இல் அரசியலமைப்பு, 1822இல் பாராளுமன்றத்துக்கென்றே கட்டப்பட்ட ஜேர்மனியின் முதல் மண்டபம். அந்த மண்டபம் போரில் அழிந்தது. அதே இடத்தில் 1993இல் எழுந்த கட்டிடத்தில் இப்போது நகர நூலகம் இருக்கிறது.

இத்தனையும் உடைய நகரில்தான் 1933க்குப் பிந்திய கேடும் நடந்தது. சமூக ஜனநாயகக் கட்சியின் வழக்கறிஞரும் பாராளுமன்ற உறுப்பினருமான லுட்விக் மாரும் யூதர். 1933 மே மாதத்தில் அவரையும் தோழர்களையும் திறந்த லொறியில் ஏற்றி ஊர் முழுவதும் சுற்றிக் காட்டினர். ஜனங்கள் தெருவோரம் நின்று பார்த்தனர். அடுத்த ஆண்டு கிஸ்லாவ் முகாமில் அவர் கொல்லப்பட்டார். 1938 நவம்பரில் குரோனன் வீதித் தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டது. 1940 ஒக்டோபர் 22ஆம் திகதி, யூதரின் கூடாரப் பண்டிகை நாட்களில், பாடன் யூதர் எல்லோரையும் ஒரே நாளில் வீட்டைவிட்டு எழுப்பினர். ஒரு பெட்டி, கொஞ்சப் பணம், சிறிது நேரம், அவ்வளவே. கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து மட்டும் 900க்கும் மேற்பட்டோர்; அயல் மாவட்டங்களையும் சேர்த்து ஏறத்தாழ 6,500 பேர். தென் பிரான்சின் கூர்ஸ் முகாமுக்குப் புகையிரதங்கள் சென்றன. அங்கே குளிரிலும் சேற்றிலும் மாண்டவர் போக, மிகுந்தோரில் பலர் 1942 முதல் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். எந்த மதத்தவரும் வரலாம் என்ற உரிமைப் பத்திரத்தை நம்பி 225 ஆண்டுகளுக்கு முன் வந்தவர்களின் வழித்தோன்றல்களும் அவர்களுள் இருந்தனர். 1971இல் க்னீலிங்கர் அல்லேயில் புதிய தொழுகைக்கூடம் கட்டப்பட்டது.

போர் திரும்பி வந்தபோது நகரம் எரிந்தது. 1942 செப்டெம்பர் 2ஆம் திகதி இரவு விழுந்த குண்டுகளில் பாடன் மாநில நூலகம் அழிந்தது. ஏறத்தாழ 3,60,000 நூல்கள் ஒரே இரவிற் சாம்பலாயின. றைசனவ் மடத்தின் ஆயிரமாண்டு பழைய ஏட்டுச் சுவடிகள் முன்னரே வேறிடம் கொண்டுபோகப்பட்டிருந்ததால் தப்பின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைவில் வைத்திருப்போருக்கு இந்தச் செய்தியை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே எரித்தது எதிரி நாட்டு விமானம். அங்கே எரித்தவர்கள் நாட்டின் காவலர்கள் என்பதுதான் வேற்றுமை. கார்ல்ஸ்ரூஹேயினர் உலகெங்குமிருந்து நூல்களைச் சேர்த்து நூலகத்தை மீண்டும் நிறுவினர். ஏர்ப்பிரின்சன் வீதியில் இன்றுள்ள பெரிய கட்டிடம் அதற்கென எழுந்ததே. 1944 செப்டெம்பரிலும் டிசெம்பரிலும் வந்த தாக்குதல்களில் மாளிகையும் நகர மையமும் எரிந்தன. மாளிகையின் வெளிச்சுவரைப் பழையபடியே எழுப்பி உள்ளே நூதனசாலை அமைத்தனர்.

1945இல் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளின் எல்லை பாடனை இரண்டாகப் பிளந்தது. கார்ல்ஸ்ரூஹே அமெரிக்கர் பக்கம். அப்பக்கத்துக்குத் தலைநகர் ஸ்ருட்கார்ட். 1951 டிசெம்பரில் நடந்த வாக்கெடுப்பின்படி 1952இல் பாடன்-வூர்ட்டெம்பேர்க் என்ற ஒரே மாநிலம் உருவாயிற்று. 237 ஆண்டுகாலத் தலைநகர்ப் பெருமை முறைப்படி முடிந்தது. பாடனியர் இதை இலேசில் ஆறவிடவில்லை. வழக்காடி, 1970இல் மறுபடி வாக்கெடுப்பு நடத்தச் செய்தனர், அப்போது 81.9 வீதத்தினர் இருப்பது இருக்கட்டும் என்றனர். ஆயினும் ஒரு பாடனியரை ஸ்வாபியர் என்று தவறியும் அழைக்கக் கூடாது. வடமராட்சியாரும் வலிகாமத்தாரும் ஒருவரை ஒருவர் பகிடி பண்ணுவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

இழந்த பதவிக்கு ஈடாகக் கிடைத்தவையே நீதிமன்றங்கள். 1950இல் கூட்டாட்சி நீதிமன்றமும் 1951இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் இங்கு வந்தன. பின்னது 1969 முதல் மாளிகைக்கு அருகே, அழிந்துபோன அரச நாடக அரங்கு நின்ற இடத்தில், கண்ணாடிச் சுவர்களுடன் கூடிய அடக்கமான கட்டிடத்தில் இயங்குகிறது. தூண்களும் படிக்கட்டுகளும் இல்லை. செவ்வங்கி அணிந்த பதினாறு நீதிபதிகள், எட்டெட்டுப் பேராக இரண்டு ஆயம். அரசால் தன் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று கருதும் எவரும், ஜேர்மன் குடியுரிமை இல்லாதவரும், கட்டணமின்றி அங்கே முறையிடலாம்.

அப்படி முறையிட்டவர்களுள் தமிழரும் இருந்தனர். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தோரின் விண்ணப்பங்களில், பெர்லினில் அப்போதிருந்த கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் ஒரு நிலையை எடுத்திருந்தது. ஆயுதமேந்திய பிரிவினைவாதிகளை ஓர் அரசு அடக்குவது தற்காப்பு. அது அரசியல் துன்புறுத்தல் ஆகாது என்பது அதன் போக்கு. 1989 ஜூலை 10ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றத்தின் இரண்டாம் ஆயம் இதை ஆராய்ந்தது. நாட்டின் ஒற்றுமையைக் காக்கும் நடவடிக்கையும் அரசியல் துன்புறுத்தல் ஆகலாம் என்றது. பயங்கரவாதத்தைத் தடுப்பது வேறு. அதன் பேரால் சம்பந்தமில்லாத பொதுமக்கள் மீது அரசு வன்செயலை ஏவுவது வேறு. உள்நாட்டுப் போரின் நடுவிலும் ஓர் இனத்தின் உயிரையோ அடையாளத்தையோ அழிக்க அரசபடை முனைந்தால் அது துன்புறுத்தலே என்றும் கூறிற்று. ஆனால் அதே தீர்ப்பில் மற்றொரு வாசகமும் உண்டு. தன் நாட்டின் இன்னொரு பகுதியில் பாதுகாப்பாக வாழ இயலுமானால் புகலிடம் கோர முடியாது என்பதே அது. யாழ்ப்பாணத்தில் ஆபத்து என்றவரிடம் கொழும்பில் இருக்கலாமே என்று கேட்டுப் பிற்காலத்தில் எத்தனையோ விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. ஒரு கதவைத் திறந்த கை இன்னொரு கதவைப் பாதி சாத்தியது. நீதிமன்றத் தீர்ப்புகளின் 80ஆம் தொகுதியில் உள்ள இத்தீர்ப்பு சட்ட நூல்களில் 'தமிழர்' என்ற பெயராலேயே குறிக்கப்படுகிறது. புகலிடச் சட்டம் படிக்கும் ஜேர்மன் மாணவர் எவரும் அப்பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1993இல் அரசியலமைப்பின் புகலிடப் பிரிவே சுருக்கப்பட்டது. 1996இல் அதே நீதிமன்றம் அந்த மாற்றத்தைச் செல்லும் என்றது.

மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் இன்றைய நகரைச் சுற்றிப் பார்ப்போர் விசிறிக்குள் நின்றுவிடக் கூடாது. தெற்கு நகரான ஸுயுட்ஸ்டட் புகையிரதத் தொழிலாளர் குடியிருந்த பகுதி. பிற நாட்டுக் கடைகளும் உணவகங்களும் மிகுந்தது. அங்குள்ள வேர்டர் சதுக்கத்தில் 'இந்தியன் நீரூற்று' என்று ஒன்று உண்டு. நம்மவர் யாரையோ சிலை வைத்திருக்கிறார்கள் என்று ஆவலோடு போனால் ஏமாற்றம்தான். 1891இல் பஃபலோ பில்லின் குதிரைக் காட்சி இவ்வூருக்கு வந்தபோது உடன் வந்த அமெரிக்கச் செவ்விந்தியரின் நினைவு அது. கொலம்பஸின் பிழை அங்கும் தொடர்கிறது. தெற்கே ரூப்பூரில் 1907இல் தொடங்கிய தோட்ட நகரும், 1929இல் குரோப்பியஸ் தலைமையில் கட்டப்பட்ட டம்மர்ஸ்டொக் குடியிருப்பும் கட்டிடக்கலை மாணவர்கள் தேடி வரும் இடங்கள். மேற்கே றைன் துறைமுகமும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும்.

பிள்ளைகளுடன் போவோருக்குப் புகையிரத நிலையத்தின் எதிரிலேயே நகரப் பூங்காவும் மிருகக்காட்சிச்சாலையும் இருப்பது பெரும் வசதி. பழைய ஆயுதத் தொழிற்சாலை ஒன்றின் நீண்ட மண்டபத்தில் 1997 முதல் இயங்கும் ஸற்.கே.எம். கலைக்கூடத்தில் கணினியும் ஒளியும் ஒலியும் கொண்டு செய்த கலைகளைத் தொட்டு விளையாடலாம். அடிமை வேலைக்குக் கொண்டுவரப்பட்டோர் போர்க்காலத்தில் உழைத்த இடமும் அதுவே. ட்ராம் வண்டியிலேயே நகரைக் கடந்து புகையிரதப் பாதையில் ஏறி அடுத்த ஊருக்குப் போகும் முறையை உலகுக்குக் காட்டியதும் கார்ல்ஸ்ரூஹே. 1992 செப்டெம்பரில் பிரெட்டன் வரை ஓடிய அந்த வண்டியைப் பார்த்துப் பல நாடுகள் பின்பற்றின. கைசர் வீதியை அடைத்து நின்ற ட்ராம்கள் 2021 டிசெம்பர் முதல் நிலத்தடியே செல்கின்றன.

அரைநாள் மிஞ்சினால் டூர்லாக்குக்குப் போக வேண்டும். 1938இல் மகள் நகரம் தாயை விழுங்கிவிட்டது என்று டூர்லாக்கியர் இன்றும் முணுமுணுப்பர். பாசல் வாயிலும் எரிந்த மாளிகையின் எஞ்சிய பகுதியும் அங்கே உள்ளன. பின்னாலுள்ள ரூர்ம்பேர்க் குன்றுக்கு 1888இல் இழுவைப் புகையிரதம் போட்டார்கள். கால் பலம் உள்ளவர்களுக்கு 528 படிகள். மேலே நின்றால் தெற்கே கறுங்காட்டு மலைகளின் தொடக்கம், மேற்கே துல்லா நேராக்கிய றைன், அதற்கப்பால் பிரான்சின் வோஜ் மலைகள், கீழே மரங்களுக்கிடையில் மாளிகைக் கோபுரம். மேகமில்லாத மாலையில் போவது நன்று.